சமூக மாற்றமும் சிறார் உளப்பகுப்பாய்வும்: இப்னு ஸீனா வைத்தியசாலையின் அனுபவம்

பாரிஸ் நகரின் வடகிழக்கு எல்லையை அடுத்துள்ள பொபினி என்னும் ஊரில் ஒரு பெரிய வைத்தியசாலை அமைந்துள்ளது. அதன் பழைய நுழைவாயில் வட ஆபிரிக்கக் கட்டடக் கலைப் பாணியில் எழுப்பப்பட்டது. 1935ஆம் ஆண்டில் 'பிரான்ஸிய முஸ்லிம் வைத்தியசாலை' என்ற பெயரில் திறக்கப்பட்ட இந்நிறுவனம், பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உழைத்து வந்த வட ஆபிரிக்க முஸ்லிம் தொழிலாளருக்கென நிறுவப்பட்டதாகும். வைத்தியப் பணிக்கு அப்பால், அத்தொழிலாளரைக் கண்காணித்து வந்த நிர்வாகப் பிரிவோடும் அது பிணைக்கப்பட்டிருந்தது. 1978இல் இவ்வைத்தியசாலைக்கு இப்னு ஸீனாவின் பெயர் சூட்டப்பட்டது. ஐரோப்பியர் அவரை அழைக்கும் 'அவிசென்' என்ற பெயரிலேயே அது இன்று அறியப்படுகிறது.

சமூகத்தில் நிகழும் மாற்றங்கள் சிறாரினதும் கட்டிளமைப் பருவத்தினரதும் உளப்பகுப்பாய்வை எவ்வாறு பாதிக்கின்றன என்ற வினாவுக்கு, இவ்வைத்தியசாலையின் கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் தெளிவானதொரு விடையைத் தருகிறது. அவ்விடையை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

குழந்தை தனியே வருவதில்லை

உளப்பகுப்பாய்வு என்பது சிக்மண்ட் பிராய்ட் வியன்னா நகரில் வளர்ந்தோருக்கென உருவாக்கிய சிகிச்சை முறையாகும். நோயாளி தானே விரும்பி வருகிறார். மனதில் தோன்றும் யாவற்றையும் ஒளிவு மறைவின்றிப் பேசுகிறார். சிகிச்சையாளர் பெரும்பாலும் மௌனமாகச் செவிமடுக்கிறார். காலப்போக்கில் நோயாளி தன் பெற்றோர் மீது இளவயதில் கொண்டிருந்த அன்பையும் அச்சத்தையும் கோபத்தையும் தன்னையறியாமல் சிகிச்சையாளர் மீது செலுத்தத் தொடங்குகிறார். உணர்வு இடமாற்றம் எனப்படும் இந்நிகழ்வே அச்சிகிச்சையின் உயிர்நாடி.

ஆனால் ஒரு குழந்தை தானாக வருவதில்லை. யாரேனும் ஒருவர் அதனை அழைத்து வருகிறார். குழந்தைக்கு நோய் உண்டு என முதலில் முடிவு செய்வதும் பெரியவரே. அந்நோய்க்குப் பெயரிடுவதும் அவரே. சிகிச்சை போதும் என்று நிறுத்துவதும் அவரே. உளப்பகுப்பாய்வின் வரலாற்றில் பதிவான முதலாவது குழந்தைச் சிகிச்சையே இதற்குச் சான்று. குதிரைகளைக் கண்டு அஞ்சிய ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி பிராய்ட் 1909இல் எழுதினார். 'சின்ன ஹான்ஸ்' என்ற பெயரில் புகழ்பெற்ற அச்சிறுவனுக்குச் சிகிச்சையளித்தவர் அவனது தந்தையே. பிராய்ட் வழிகாட்டினார், சிகிச்சைக் காலத்தில் சிறுவனை அவர் நேரில் சந்தித்தது ஒரே ஒரு முறைதான். மகனின் கனவுகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ள நேரமுள்ள, கற்றறிந்த தந்தை ஒருவர் வீட்டிலிருந்தமையால் அது சாத்தியமாயிற்று. அவனது அச்சம் குதிரையைப் பற்றிக்கொண்டதும் வண்டிக் குதிரைகள் நிறைந்த அன்றைய வியன்னா வீதிகளின் விளைவே.

1920களில் மெலனி க்ளைன் சிறு விளையாட்டுப் பொருள்களைக் குழந்தையின் முன் வைத்து, அதன் விளையாட்டையே பேச்சாகக் கொண்டு பொருள் காணும் முறையை வகுத்தார். பிராய்டின் மகளான அன்னா பிராய்ட் அவருடன் கடுமையாக முரண்பட்டார். வளர்ந்தவருக்குப் பெற்றோர் பெரும்பாலும் நினைவில் வாழ்கின்றனர். குழந்தைக்கோ அவர்கள் இன்றும் வீட்டில் இருக்கின்றனர். ஆகவே பெற்றோரை விலக்கிவிட்டுக் குழந்தையைப் பகுப்பாய்வு செய்தல் இயலாது என்பது அவரது வாதம். அவ்விருவரிலும் எவர் சரி என்ற விவாதம் முடிவுறவில்லை எனினும், அன்னா பிராய்ட் சுட்டிய உண்மை நம் பொருளுக்கு அடிப்படையானது. பெற்றோரின் வாழ்வு மாறும்போது, வேறெந்த உளச்சிகிச்சையையும் விடச் சிறாரின் சிகிச்சையே முதலில் அதிர்வுக்குள்ளாகிறது.

போர் கற்பித்த பாடம்

இவ்வதிர்வு முதன்முதலில் பேரளவில் உணரப்பட்டது இரண்டாம் உலகப் போரின்போதாகும். 1939 செப்டம்பரில் பிரித்தானிய நகரங்களிலிருந்து, பெரும்பான்மையும் சிறாராக ஏறத்தாழ 15 இலட்சம் பேர், குண்டுவீச்சுக்கு அஞ்சிக் கிராமப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். நாஜிகளிடமிருந்து தப்பி இலண்டனில் குடியேறியிருந்த அன்னா பிராய்ட், டொரதி பேர்லிங்ஹாமுடன் இணைந்து ஹம்ஸ்டெட் பகுதியில் போர்க்காலச் சிறுவர் இல்லங்களை நடத்தினார். குண்டுகளின் ஓசையை விடத் தாயைப் பிரிந்தமையே இளங்குழந்தைகளை அதிகமாகக் கலங்கச் செய்கிறது என்பதை அவ்விருவரும் நாளாந்தம் அவதானித்தனர். எல்லாப் பணியாளரும் எல்லாக் குழந்தைகளையும் கவனித்த ஏற்பாட்டைக் கைவிட்டு, ஒவ்வொரு பராமரிப்பாளருக்கும் சில குழந்தைகளை ஒப்படைத்துச் சிறு 'குடும்பங்கள்' அமைத்தனர். அதே காலத்தில் டொனால்ட் வினிகொட் என்ற மருத்துவர், ஒக்ஸ்ஃபோர்ட் பகுதியில் எவராலும் வைத்திருக்க முடியாது எனத் திருப்பியனுப்பப்பட்ட சிறாருடன் பணியாற்றினார். அவர்களது திருட்டிலும் முரட்டுத்தனத்திலும் இழந்த ஒன்றை மீண்டும் கோரும் நம்பிக்கை மறைந்திருப்பதாக அவர் பின்னர் விளக்கினார்.

இங்கு நோக்கத்தக்கது யாதெனில், சமூகப் பேரிடர் சிகிச்சையாளருக்குப் புதிய நோயாளரைத் தந்ததோடு நிற்கவில்லை. சிகிச்சை எங்கே நடைபெற வேண்டும், அதில் யார் பங்குகொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டையே அது மாற்றியது. பொபினியில் நிகழ்ந்ததும் இத்தகைய மாற்றமே. ஆனால் அங்கு காரணமாக அமைந்தது போர் அன்று, குடிபெயர்வு.

தொழிலாளர் குடும்பமாயினர்

போருக்குப் பிந்திய மூன்று தசாப்தங்களில் பிரான்ஸின் தொழிற்சாலைகளும் கட்டட வேலைகளும் அல்ஜீரியா, மொரோக்கோ, தூனிசியா, மேற்கு ஆபிரிக்கா ஆகிய இடங்களிலிருந்து ஆண்களைத் திரட்டின. அவர்களுட் பலர் தனித்து வந்தனர், விடுதிகளில் தங்கினர், ஊருக்குப் பணம் அனுப்பினர், ஒருநாள் திரும்பிச் செல்வோம் என எண்ணினர். பொருளாதார நெருக்கடியின்போது, 1974இல் பிரான்ஸ் தொழிலாளர் குடிவரவை நிறுத்தியது. 1976இல் வெளியான அரசாணை ஒன்று, ஏற்கனவே வந்திருந்தோர் தம் மனைவி மக்களை அழைத்துக்கொள்வதற்கான விதிகளை வகுத்தது. ஒருமுறை வெளியேறினால் மீண்டும் நுழைய முடியாதென்று அஞ்சிய ஆண்கள் திரும்பிச் செல்லவில்லை. குடும்பங்களே வந்து சேர்ந்தன. தற்காலிகத் தொழிலாளர் நிரந்தரக் குடும்பத் தலைவராயினர். அவர்களது பிள்ளைகள் பிரான்ஸியப் பாடசாலைகளில் அமர்ந்தனர்.

எனவே, முன்னர் ஆண் தொழிலாளரின் உடல்நோய்களைக் கண்ட வைத்தியசாலைக்கு இப்போது பேச மறுக்கும் குழந்தைகளும், வாசிக்க இயலாத மாணவரும், உறங்காத சிசுக்களும், குழந்தைப்பேற்றின் பின் சோர்ந்துபோன தாய்மாரும் வரலாயினர். பிரான்ஸின் சிறார் உளப்பகுப்பாய்வு முன்னோடிகளுள் ஒருவரான சேர்ஜ் லெபோவிசி அப்போது அங்கு சிறார் உளமருத்துவப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். 1979இல், கெய்ரோவில் பிறந்தவரான டோபி நாதன் அப்பிரிவில் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கெனத் தனியானதொரு சந்திப்பு முறையை ஆரம்பித்தார். பின்னர் ஸ்பானியக் குடியேறிகளின் மகளான மரி ரோஸ் மோரோ அப்பணியைப் பொறுப்பேற்று, சிறாரையும் கட்டிளமைப் பருவத்தினரையும் மையமாகக் கொண்டு அதனை விரிவாக்கினார்.

அவர்கள் எதிர்நோக்கிய சிக்கல் எளிமையாகக் கூறத்தக்கது. மௌனமாக அமர்ந்திருக்கும் ஒரு மருத்துவர்; அவர்முன் தனித்திருக்கும் ஒரு தாய்; இருவருக்கும் இடையே அத்தாய் அரைகுறையாக அறிந்த மொழி. வியன்னாவின் நடுத்தர வர்க்கத்தவருக்கு அம்மௌனம் நம்பிக்கையூட்டியது. ஒரு பிள்ளையின் துன்பத்தைக் கூட்டுக் குடும்பமே கூடிப் பேசி ஆராயும் ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கோ, அதே மௌனம் விசாரணை போலத் தோன்றியது.

வட்டமாக அமரும் சிகிச்சை

பொபினியில் உருவான ஏற்பாட்டில் அறையின் அமைப்பே மாறியது. வெவ்வேறு நாடுகளையும் மொழிகளையும் சார்ந்த பல சிகிச்சையாளர் வட்டமாக அமர்கின்றனர். குடும்பத்தினரும், அவர்களை அனுப்பிவைத்த ஆசிரியரோ சமூக சேவையாளரோ மருத்துவரோ ஒருவரும் அவ்வட்டத்தில் இடம்பெறுகின்றனர். குடும்பத்தின் மொழியை அறிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உடனிருக்கிறார். பிரதான சிகிச்சையாளர் ஒருவரே உரையாடலை நடத்துகிறார். ஏனையோர் அவர் வாயிலாக ஒரு கதையையோ உவமையையோ தம் ஊர் வழக்கையோ முன்வைக்கின்றனர். ஒரு சந்திப்பு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீடிக்கும். வட்டத்தின் நடுவே சிறு மேசையும் விளையாட்டுப் பொருள்களும் வைக்கப்படுகின்றன. குழந்தை அங்கு வரைகிறது, விளையாடுகிறது, பெரியவர் பேசுவதைக் கேட்கிறது. அது எந்தச் சொல்லைக் கேட்டு விளையாட்டை நிறுத்தியது என்பதைச் சிகிச்சையாளருள் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார். க்ளைன் கற்பித்த செவிமடுத்தல் இங்கே கைவிடப்படவில்லை. வட்டத்தின் நடுவே இடம் மாறியுள்ளது.

குடும்பத்திடம் மூன்று வகையான வினாக்கள் எழுப்பப்படுகின்றன. இக்குழந்தை யார், எவரைப் போன்றது, எங்கிருந்து வந்தது என நீங்கள் கருதுகிறீர்கள்? இத்துன்பம் ஏன் நேர்ந்தது? இதற்கு நீங்கள் இதுவரை என்ன செய்தீர்கள்? தாய் ஒருத்தி 'கண்ணூறு பட்டுவிட்டது' என்றோ 'ஜின் தீண்டிவிட்டது' என்றோ பதிலளிக்கக்கூடும். அக்கூற்றை மார்க்க அறிவின் அடிப்படையில் மதிப்பிடுவது ஆலிம்களின் பணி. சிகிச்சையாளர் அதனை உறுதிப்படுத்துவதுமில்லை, எள்ளி நகையாடுவதுமில்லை. அது அக்குடும்பத்தினுள் என்ன பணியைச் செய்கிறது என்றே அவர் வினவுகிறார். கண்ணூறு எவரிடமிருந்து வந்ததாகத் தாய் எண்ணுகிறாள் என்று கேட்டால், ஊரில் விட்டு வந்த ஒரு சகோதரியின் பெயர் வெளிவரலாம். அவளுக்குக் கொடுத்து நிறைவேற்றாத வாக்கு ஒன்று வெளிவரலாம். மருத்துவ அறையில் சொல்ல வெட்கப்பட்டு மறைத்திருந்த விளக்கமே அக்குடும்பத்தின் வரலாற்றுக்குக் கதவாக அமைகிறது.

இம்முறைக்குக் கோட்பாட்டு அடிப்படையைத் தந்தவர் ஜோர்ஜ் டெவெரோ. மானிடவியலாளரும் உளப்பகுப்பாய்வாளருமான அவர், ஒரே மனித நடத்தையை மானிடவியல் கொண்டும் உளப்பகுப்பாய்வு கொண்டும் விளக்க முடியும், விளக்கவும் வேண்டும் என்றார். ஆயின் இரண்டையும் ஒரே வேளையில் கலந்து ஒன்றாக்கலாகாது என்று எச்சரித்தார். ஆய்வாளர் அந்நியரைக் காணும்போது தம்முள் எழும் அச்சத்தையும் சேர்த்தே ஆராயவேண்டும் என்பது 1967இல் வெளியான அவரது நூலின் மையக்கருத்தாகும். குடிபெயர்ந்தோரின் பிள்ளைகளைச் சந்திக்கும் மருத்துவருக்கு இவ்வெச்சரிக்கை மிகவும் பொருந்தும்.

மொழி என்னும் எல்லை

மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்துவது வெறும் வசதிக்கான ஏற்பாடு அன்று. குடிபெயர்ந்த குடும்பங்களில் பாடசாலைப் பிள்ளையே பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளனாகிறது. வங்கியிலும் அரச அலுவலகத்திலும் மருத்துவரிடத்திலும் பெற்றோரின் குரலாக அதுவே பேசுகிறது. உதாரணமாக, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தன்னைப் பற்றித் தன் தாய் கூறும் முறைப்பாட்டைத் தானே மருத்துவருக்கு மொழிபெயர்ப்பதாகக் கொள்வோம். அவன் எதனைச் சொல்வான், எதனை விழுங்கிவிடுவான்? பெற்றோர் பிள்ளையைத் தாங்கும் முறைமை தலைகீழாகி, பிள்ளை பெற்றோரைத் தாங்கும் நிலை அங்கு தோன்றுகிறது. வளர்ந்த ஒருவர் மொழிபெயர்க்கும்போது அச்சிறுவன் அச்சுமையிலிருந்து விடுபட்டு மீண்டும் பிள்ளையாகிறான்.

வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை பாடசாலையில் மாதக்கணக்கில் வாய் திறவாதிருக்கும் நிலையும் உண்டு. குடிபெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளிடையே இது ஒப்பீட்டளவில் அதிகமாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனைப் பிடிவாதம் என்றோ அறிவுக் குறைபாடு என்றோ கருதுவது எளிது. உளப்பகுப்பாய்வு அதில் வேறொன்றையும் காண்கிறது. வீட்டு மொழியில் தாயும், பாடசாலை மொழியில் ஆசிரியையும் இருக்கையில், ஒன்றைப் பேசுவது மற்றவருக்குத் துரோகமாகுமோ என்ற ஐயம் குழந்தையின் நாவைக் கட்டக்கூடும்.

இவ்விடத்தில் தமிழ் வாசகர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. குடிபெயர்ந்த குழந்தைகளைப் பிரான்ஸிய மொழியில் மாத்திரம் சோதிப்பதால், மொழியே அறியாத குழந்தைக்கும் பிரான்ஸிய மொழியை மாத்திரம் அறியாத குழந்தைக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துபோகிறது. இதனை நிவர்த்தி செய்யும் பொருட்டு அவிசென் வைத்தியசாலைக் குழுவினர், குழந்தையின் தாய்மொழித் திறனையே அளவிடும் கருவி ஒன்றை வடிவமைத்தனர். அது முதலில் உருவாக்கப்பட்ட மொழிகள் அரபு, மேற்கு ஆபிரிக்காவின் சொனின்கே, தமிழ் ஆகியனவாகும். இலங்கையின் போரிலிருந்து தப்பிப் பாரிஸ் புறநகர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகள் இதன் பயனைப் பெறுகின்றனர். தாய்மொழியில் வேரூன்றிய குழந்தை இரண்டாம் மொழியையும் உறுதியாகப் பற்றிக்கொள்ளும் என்பதே இக்குழுவினரின் நிலைப்பாடு. 'வீட்டில் பிரான்ஸிய மொழியே பேசுங்கள்' என்று பெற்றோருக்கு நல்லெண்ணத்துடன் கூறப்பட்டு வந்த அறிவுரைக்கு இது நேர் எதிரானதாகும்.

கலாசாரம் சிறையாகும் ஆபத்து

எனினும் இம்முறை மறுப்பின்றி ஏற்கப்படவில்லை. 1990களில் டோபி நாதனின் எழுத்துகள் பிரான்ஸில் கடும் விவாதத்தைத் தோற்றுவித்தன. குடிபெயர்ந்தோரை அவர்களது பூர்வீக மரபினுள் பூட்டிவைக்கிறார். தனி மனிதனைக் காணாமல் இனத்தையே காண்கிறார். வறுமையையும் வீடின்மையையும் பாகுபாட்டையும் கலாசாரப் பிரச்சினைகளாக மாற்றிவிடுகிறார் என்பன விமர்சகர்களின் குற்றச்சாட்டுகளாகும். இவற்றை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அல்ஜீரியப் பெற்றோரின் மகள் ஒருத்தி உணவை மறுக்கிறாள் எனக் கொள்வோம். 'இது இரு கலாசாரங்களின் மோதல்' என்று உடனே தீர்ப்பளித்துவிட்டால், அவளுக்கே உரிய துக்கமும் கோபமும் இரகசியமும் கேட்கப்படாமலே போகின்றன. அறியாமையால் கலாசாரத்தைப் புறக்கணித்த மருத்துவர் இழைத்த தவறையே, கலாசாரத்தை மட்டும் காணும் மருத்துவரும் வேறு வழியில் இழைக்கிறார்.

இதே காரணத்தால் கட்டிளமைப் பருவத்தினருக்கு வட்டம் மட்டும் போதுமானதாக இல்லை. பெற்றோர் முன்னிலையில் பேச முடியாதவற்றைப் பேசுவதற்குத் தனியறையும் தனிநேரமும் அவர்களுக்கு வேண்டும். ஆகவே குழுச் சந்திப்போடு தனிச் சிகிச்சையும் இணைந்தே நடத்தப்படுகிறது. இங்கு மற்றொரு வேறுபாடும் பேணப்படவேண்டும். 2005 ஒக்டோபரில், பொபினி அமைந்துள்ள அதே மாவட்டத்தின் கிளிஷி சூ புவா நகரில், பொலிஸாரிடமிருந்து தப்பி மின்மாற்றி நிலையம் ஒன்றினுள் ஒளிந்த இரு சிறுவர் மின்சாரம் தாக்கி இறந்தனர். அதனைத் தொடர்ந்து வாரக்கணக்கில் கலவரம் நிகழ்ந்து, நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அவ்விளைஞரின் கோபத்தில் அகத்தின் பங்கு எவ்வளவு என ஆராயலாம். ஆனால் அடையாளச் சோதனையும் வேலையின்மையும் அவர்களது கற்பனையன்று. சமூகம் இழைத்த காயத்தை அகத்தின் நோயாகப் பெயர் மாற்றுவது சிகிச்சையாகாது.

அழைத்து வர எவருமில்லாதோர்

2010களில் நிலைமை மீண்டும் மாறியது. மேற்கு ஆபிரிக்கா, ஆப்கானிஸ்தான் முதலிய இடங்களிலிருந்து பெற்றோரின் துணையின்றிப் பாலைவனத்தையும் கடலையும் கடந்து வந்த பதின்ம வயதினர் பிரான்ஸில் பெருகினர். குழந்தையை எவரோ அழைத்து வருகிறார் என்ற அடிப்படையே இங்கு இல்லாது போயிற்று. மேலும், தமது வயதை நிரூபிக்குமாறு அதிகாரிகளால் வினவப்பட்டுப் பழகிய இவ்விளைஞருக்கு, 'உன் கதையைக் கூறு' என்னும் மருத்துவரின் அழைப்பும் மற்றொரு விசாரணையாகவே ஒலித்தது. மோரோவின் குழுவினர் இவர்களுடன் பொருள்களின் துணைகொண்டு உரையாடும் முறையைக் கையாண்டனர். குழந்தைப் பருவத்தையும், நிகழ்காலத்தையும், வருங்காலத்தையும் குறிக்கும் மூன்று பொருள்களைத் தெரிந்துகொண்டு வருமாறு இளைஞரிடம் கேட்கப்படுகிறது. கடலைக் கடந்தவன் கையில் எதுவும் எஞ்சியிராமல் இருக்கலாம். அவ்வெறுமையும் பேச்சின் தொடக்கமாகிறது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக நாடு முடக்கப்பட்டபோது, திரையும் தொலைபேசியுமே சிகிச்சை அறையாயின. குழந்தைக்கும் சிகிச்சையாளருக்கும் பொதுவான விளையாட்டுப் பெட்டி இல்லை. கதவுக்கு அப்பால் எவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியவில்லை. நெருக்கடியான வீடொன்றில் பல பிள்ளைகளுடன் வாழும் சிறுமிக்கு, தனிமையில் பேசும் உரிமை என்பது இடவசதியைப் பொறுத்த ஒன்று என்பது அப்போது வெளிப்படையாயிற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறக்கூடிய முடிவு இதுவாகும். சமூக மாற்றம் சிறாரின் உளப்பகுப்பாய்வில் நோய்க்குறிகளை மட்டும் மாற்றுவதில்லை. குழந்தையை அழைத்து வருபவர் யார், எம்மொழியில் பேசப்படுகிறது, எது நோய் எனக் கருதப்படுகிறது, இரகசியம் எங்கே பாதுகாக்கப்படுகிறது என்னும் ஏற்பாடு முழுவதையும் அது மாற்றுகிறது. ஏற்பாட்டை மாற்ற மறுக்கும் சிகிச்சை குழந்தையை இழக்கிறது. ஏற்பாட்டோடு சேர்த்துத் தன் அடிப்படைக் கடமையான செவிமடுத்தலையும் கைவிடும் சிகிச்சையும் அவ்வாறே அக்குழந்தையை இழக்கிறது.

இவ்வைத்தியசாலை எவரது பெயரைத் தாங்கியுள்ளதோ அந்த அறிஞரைப் பற்றி, நிழாமி அரூழி 12ஆம் நூற்றாண்டில் பாரசீக மொழியில் இயற்றிய 'சஹார் மகாலா' ஒரு செய்தியைக் கூறுகிறது. ஜுர்ஜான் நகரில் எவராலும் அறிய முடியாத நோயுற்றுக் கிடந்த இளைஞன் ஒருவனிடம் இப்னு ஸீனா அழைத்துச் செல்லப்பட்டார். அவர் அவனது நாடியில் விரலை வைத்துக்கொண்டு, அந்நகரை நன்கறிந்த ஒருவரை வரவழைத்து, அதன் பகுதிகளையும் வீதிகளையும் வீடுகளையும் ஒவ்வொன்றாகக் கூறச் செய்தார். ஒரு பெயரைக் கேட்டபோது நாடி துள்ளியது. சொல்ல முடியாத காதலே அவனது நோய் என்பது அவ்வாறு தெரியவந்தது. நாடித்துடிப்பின் மூலம் காதல் நோயைக் கண்டறியும் இவ்வழியை இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலிலும் விளக்கியுள்ளார்.

அம்மாமேதையின் மருத்துவ அறிவுக்கும் அந்நகரின் வீதிகளை அறிந்த ஒருவரின் துணை தேவைப்பட்டது. அதேவேளை, வீதிகளின் பட்டியல் மட்டும் எதனையும் வெளிப்படுத்தியிருக்காது. அவ்விளைஞனின் கையிலிருந்து விரலை எடுக்காமல் இருந்தமையாலேயே விடை கிடைத்தது. பொபினியில் வட்டமாக அமரும் சிகிச்சையாளர் செய்ய முயல்வதும் இதுவே.